பரேன் காட்டிய ஸ்டேஷன் வேகன்

அன்புள்ள அருள்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தியதை அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேத்திகளின் சத்தம் கேட்கலாம் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வந்தது உன் சத்தம். "பரேனை ஏம்மா இப்படி அசிங்கப்படுத்தின? புள்ளைங்க ஞானஸ்நானத்த வச்சிக்கிட்டு இன்னா காரியம்மா பண்ணியிருக்க?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அப்பாவுக்கு இந்த ஊரில் சிநேகிதன் என்று இருந்தது ஒரே ஒரு ஆள், உன் பரேன், ஞானத்தகப்பன் அல்போன்ஸ். அந்த ஆளைப் பற்றி அவர் எதிரிலேயே மறுபடி பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு. பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

எனக்கு அல்போன்ஸ் மேல் கோபம் என்று நீ நினைக்கிறாய். கோபமாக இருந்தால் தேவலை, நாலு நாளில் ஆறிப்போகும். இது குமட்டல். சாம்பாரில் பல்லி கிடந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கிண்ணத்தை எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் அதில் ஊற்றிச் சாப்பிட முடியாதே, அந்த மாதிரி. இரண்டு மாதமாக அந்த ருசியோடுதான் இருக்கிறேன்.

நீதான் ஆரம்பித்தாய். ஸ்டேஷன் வேகன் வேண்டும் என்றாய். இரட்டைப் பிள்ளைகள், அவர்களுடைய தள்ளுவண்டி, நம் மருமகள் நிர்மலாவின் அப்பாவுக்குச் சக்கர நாற்காலி. உயரமான வண்டி என்றால் அவரைத் தூக்கி ஏற்ற வேண்டும், தாழ்வாக இருந்து பின்னால் டிக்கி நீளமாக இருந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்றாய். சரியான யோசனைதான். ஆனால் அந்த மாதிரி வண்டியை இப்போது புதிதாக யார் செய்கிறார்கள்? பழசுதான் தேட வேண்டும். "நீ அங்க பாரும்மா, புதுச்சேரியில வெளிநாட்டுக்காரங்க வச்சிருந்த வண்டி கெடைக்கும்" என்றாய். நானும் சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். மின்துறை ஆபீசுக்கு வேலைக்குப் போன காலம் முழுக்க நானே ஓட்டிப் போனவள். வண்டி பார்க்க எனக்குத் தெரியும் என்று ஒரு கர்வமும் இருந்தது.

முதலில் போன இடங்களைப் பற்றிச் சொல்கிறேன், நீயும் ஒரு நாள் இந்தச் சேற்றில் கால் வைக்க வேண்டிவரும். கார் கன்சல்டிங் என்று போர்டு போட்டுப் பழைய வண்டி விற்கும் இடங்களில் அப்பாவையும் என்னையும் பார்த்ததும் எல்லோரும் அப்பாவிடம்தான் பேசினார்கள். அப்பாவுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. நான் கிளட்ச்சைப் பற்றிக் கேட்டால் பதிலை அப்பாவைப் பார்த்துச் சொல்வான். அப்பா பாவம், பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவர், வகுப்பில் பாடம் புரிந்த பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். ஒருத்தன் என்னிடம், "அம்மா, கலர் மட்டும் நீங்க பாருங்க, மத்தத சார் பாத்துப்பாரு" என்றான். அவன் மேசையில் வைத்த டீயைத் தொடாமல் வந்தேன்.

போகிற இடத்திலெல்லாம் ஒரே கதை. "பிரெஞ்சுக்காரரு ஒருத்தரு வச்சிருந்தது மேடம். பீச் ரோட்டத் தவிர வெளிய எடுத்ததே இல்ல." இவர்கள் சொல்வதையெல்லாம் நம்பினால் ஊரில் இருக்கிற பிரெஞ்சுக்காரர்கள் ஆளுக்குப் பத்து வண்டி வைத்துக்கொண்டு கடற்கரையை மட்டும் சுற்றியிருக்க வேண்டும். ஒரு வண்டியில் கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை மூக்கில் குத்தியது. வாசனை எவ்வளவு தூக்கலோ அவ்வளவு சந்தேகப்படு. நான் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். மேலே துவைத்த வேட்டி மாதிரி சுத்தம், உள்ளே சுருண்டிருந்த பாகம் முழுக்கக் காய்ந்த வண்டல். சென்னை வெள்ளத்தில் முங்கிய வண்டி. காலடி விரிப்பைத் தூக்கினால் கை ஈரமாயிற்று. விற்கிறவன் முகத்தில் ஒரு கூச்சம் இல்லை. "வாட்டர் சர்வீஸ் பண்ணது மேடம், காயல" என்றான். இன்னொரு வண்டி கொஞ்ச தூரமே ஓடியதாக மீட்டரில் காட்டியது. பிரேக் பெடலின் ரப்பரோ தேய்ந்து இரும்பு பல்லிளித்தது. மீட்டரைத் திருப்பியவனுக்கு ஒரு ரப்பரை வாங்கி மாட்டச் சோம்பல். ஏமாற்றுவதைக் கூட ஒழுங்காகச் செய்ய மாட்டேன் என்கிறார்கள், நம்மை அவ்வளவு மட்டமாக நினைக்கிறார்கள்.

காலையில் போ. போனதும் பானெட் மேல் கையை வை. சூடாக இருந்தால், நீ வருவதற்கு முன்னால் ஏதோ கஷ்டப்பட்டு ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஸ்டெப்னி சக்கரத்தைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று பார். நாலு கதவையும் நீயே திறந்து மூடு. நீ நாலாவது படிக்கும்போது திண்டிவனம் ரோட்டில் ஓடுகிற வண்டியில் பின்கதவு தானாகத் திறந்துகொண்டதே, நீ கெக்கெக்கே என்று சிரித்தாய், நான் ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் கதவைத்தான் சாத்திப் பார்ப்பேன்.

இப்படி அலைந்து வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் அல்போன்ஸ் வந்தார். உனக்கு அவர் பரேன். உன்னைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டியருகே நின்ற ஞானத்தகப்பன். அவர் கெட்டவர் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. கிறிஸ்துமஸ் தோறும் உனக்குச் சட்டை எடுத்தவர், உன் கல்யாணத்தில் எங்களைவிட அதிகமாக ஓடியாடியவர். தட்டாஞ்சாவடியில் செகண்ட் ஹேண்ட் வண்டிக் கடை போட்ட பிறகு கொஞ்சம் தடித்தார், மோதிரங்கள் கூடின, அவ்வளவுதான். "இன்னா அண்ணி, நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஊரெல்லாம் சுத்துறீங்க? அருளுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். கண்ண மூடிக்கினு எடுத்துக்குனு போங்க" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் போனோம். வெள்ளி நிற ஸ்டேஷன் வேகன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்துவிட்டது. பின்பக்கம் சக்கர நாற்காலியை அப்படியே மடித்துப் படுக்க வைக்கலாம். சீட் பெல்ட்டில் மண் இல்லை, விரிப்பில் ஈரம் இல்லை, இன்ஜின் சத்தம் சீராக இருந்தது. டேஷ்போர்டின் இடது பக்கம் ஒரு சின்ன மாதா சுரூபம் புதுசாக ஒட்டியிருந்தது. "நம்ம புள்ளைக்குப் போற வண்டின்னு நானே ஒட்டினேன் அண்ணி" என்றார். அப்பா சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியை முதல் கட்டத்துக்கு மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் காத்திருந்தேன். இதை நீயும் செய். எல்லா விளக்கும் எரியும். ஆயில் விளக்கு இன்ஜின் ஓடத் தொடங்கினால்தான் அணையும். ஏர்பேக் விளக்கு அப்படி இல்லை, சில நொடிகளில் தானாக அணைந்துவிட வேண்டும், நான் நன்றாக இருக்கிறேன் என்று அது சொல்வதற்கு அதுதான் அடையாளம். இந்த வண்டியில் அது அணையவில்லை. காத்திருந்தேன். எரிந்துகொண்டே இருந்தது. ஸ்டார்ட் செய்தேன். ஆயில் விளக்கும் ஏர்பேக் விளக்கும் கைகோத்துக்கொண்டு ஒரே நேரத்தில் அணைந்தன. மறுபடி செய்து பார்த்தேன். மறுபடியும் சேர்ந்தே அணைந்தன. எதையோ மறைக்க யாரோ ஒரு ஒயரில் இரண்டையும் கட்டியிருக்கிறார்கள்.

"அல்போன்ஸ், இந்த லைட் ஏன் இப்படி?"

"அது சென்சாரு அண்ணி. சும்மா."

"மேட்டுப்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச ஒர்க்ஷாப்புல ஒரு தடவ காட்டிடலாமே."

"எங்க வேணா காட்டுங்க! நானே கூட வரேன்" என்று மார்பைத் தட்டிக்கொண்டார். ஸ்டியரிங்கை யாரும் திறக்க மாட்டார்கள் என்ற தைரியம். மெக்கானிக் இன்ஜினைப் பார்த்தான், அடியில் படுத்துப் பார்த்தான், நல்லா இருக்கு என்றான். ஸ்டியரிங் நடுவில், ஏர்பேக் இருக்கிற மூடியைக் கழற்று என்று நான் சொன்னதும்தான் அல்போன்சுக்குக் குரல் மாறியது. "அதத் தொறந்தா வாரன்ட்டி போயிடும் அண்ணி" என்றார். வண்டிக்கு வயது உன் காலேஜ் நாட்களைத் தொடும். அதற்கு வாரன்ட்டியாம். அப்பாவுக்குக் கூடச் சிரிப்பு வந்தது. திற என்றேன்.

உள்ளே ஏர்பேக் இல்லை. துணி இருந்தது. பூப்போட்ட பழைய நைட்டி ஒன்றைக் கிழித்துச் சுருட்டி, கூடக் கொஞ்சம் மெத்தைப் பஞ்சும் வைத்து அடைத்திருந்தார்கள். மெக்கானிக் அதை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுத்தான், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மாதா சுரூபம் ஒட்டியிருந்த பக்கத்தையும் திறந்தான். அங்கேயும் துணி. எப்போதோ ஒரு பெரிய விபத்தில் இரண்டு ஏர்பேக்கும் வெடித்திருக்கிறது, முன்பக்கத்தைப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டு, வெடித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்தக் குப்பையைத் திணித்து மூடியிருக்கிறார்கள்.

அவருக்கே தெரியாமல் யாராவது அவர் தலையில் கட்டிவிட்டார்களா என்று கேட்டு நான்தான் அவருக்கு வழி எடுத்துக் கொடுத்தேன். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நம்பித் தொலைத்திருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை, அருள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. "யாருக்கு அண்ணி அது வெடிக்கப் போவுது? வண்டி ஓடுறதுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. ஊருல பாதி வண்டி இப்படித்தான் ஓடுது" என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், "புள்ளைங்க ரெண்டும் பின்னாடிதான உக்காரும்?" என்று கேட்டார்.

அந்த வாக்கியத்தை நான் பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். யார் எங்கே உட்காருவார்கள் என்று அவர் யோசித்திருக்கிறார். யோசித்துக் கணக்குப் போட்டுத்தான் எடுத்து வைத்திருக்கிறார்.

"முன்னாடி உக்காந்து ஓட்டப் போறவ நிர்மலா" என்றேன்.

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "சரி விடுங்க அண்ணி, வேற வண்டி பாத்துக்கலாம். இத வேற யாருக்காவது தள்ளிடுறேன்" என்றார். அப்பா வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. உன்னிடமும், வண்டி பிடிக்கவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். அப்பா அப்படித்தான் கேட்டுக்கொண்டார். சில வாரம் போயிற்று. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வரும்போது பிள்ளையார் கோயில் முன்னால் அதே வண்டி நிற்கிறது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பாகூர்ப் பக்கத்துக் குடும்பம். புருஷன் புது வேட்டியில் இருந்தான். பெண்டாட்டி முன்சீட்டில் சின்னப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தை மாதா சுரூபம் இருந்த இடத்தைக் கையால் தட்டித் தட்டி விளையாடியது. சுரூபத்தைப் பிய்த்துவிட்டுப் பிள்ளையாரை ஒட்டியிருந்தார்கள்.

நான் தாண்டிப் போனேன். ஒளிக்காமல் சொல்கிறேன், தாண்டித்தான் போனேன். நமக்கென்ன என்று நினைத்தேன். பூக்கடை வரைக்கும் போய், கனகாம்பரம் விலை கேட்டேன், வாங்கவில்லை. திரும்பி வந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் முகம் கறுத்துவிட்டது. "நல்ல நேரத்துல வந்து இன்னாம்மா இப்டி பேசுறீங்க?" என்றாள். அவள் புருஷன் இறங்கி வந்து, "யாரு அனுப்புனது ஒங்கள? கடைக்காரன் மேல காண்டா?" என்று சத்தம் போட்டான். ஐயர் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். கையில் மீன் பையோடு கோயில் வாசலில் திட்டு வாங்கினேன். "நான் சொல்றத நம்பாதீங்க தம்பி. சாவிய ஒரு கட்டம் மட்டும் திருப்பி, அந்த ரெண்டு லைட்டப் பாருங்க" என்றேன். திருப்பினான். எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஸ்டார்ட் செய்தான், இரண்டும் சேர்ந்து அணைந்தன. அவனுக்கு அது என்னவென்று புரியவில்லை, ஆனால் நான் சொன்னபடியே நடந்தது என்பது புரிந்தது. பெண்டாட்டி பெண்ணைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். போகும்போது என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவன் ஒர்க்ஷாப்பில் திறந்து பார்த்ததை அவள் போனில் சொன்னாள். அதே பூப்போட்ட நைட்டி, அதே பஞ்சு. மெக்கானிக் வெளியே எடுத்துப் போட்டதைக் குப்பையில் கூடப் போடாமல் பொறுக்கி வந்து மறுபடி திணித்திருக்கிறார் உன் பரேன். அந்தப் பாகூர்க்காரன் ஊரிலிருந்து பத்துப் பேரோடு கடைக்குப் போய் நின்று, போலீஸ் என்று சொன்ன பிறகுதான் அல்போன்ஸ் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் என் நம்பரைக் காட்டியிருக்கிறான். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அன்று சாயங்காலமே அல்போன்ஸ் நம் நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்தார். என்னிடம் பேசவில்லை, அப்பாவிடம்தான். கன்சல்டிங்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான். "இன்னாடா, பொண்டாட்டிய அடக்கி வைக்க மாட்டியா? சோறு போடுற தொழில்ல மண்ணள்ளிப் போட்டுட்டா. யாரோ பாகூர்க்காரன் ஒங்களுக்கு ஒசத்தி, நான் வேணாமா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். அப்பா எழுந்து நின்றுகொண்டு, "அந்தக் கொழந்த முன்னாடி உக்காந்திருந்துச்சாம் அல்போன்ஸ்" என்று மட்டும் சொன்னார். "அதுக்கு?" என்றார் உன் பரேன். அப்பா கதவைச் சாத்தினார். என் கல்யாணத்திலிருந்து நான் பார்க்கிறேன், யார் முகத்துக்கு எதிரிலும் அவர் கதவைச் சாத்தியதில்லை. இப்போது தினம் காலையில் தனியாகக் கடற்கரைக்கு நடக்கப் போகிறார், சீக்கிரம் திரும்பி வந்துவிடுகிறார். பூசை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறார்கள். சொந்த மனுஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பேச்சு. அந்தப் பேச்சுத்தான் உன் காது வரைக்கும் வந்திருக்கிறது. துணி அடைத்ததைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வண்டி கிடைத்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். மகளோடு இருக்கப் பிரான்சுக்குப் போகிற ஒரு ரிட்டயர்டு புரபசருடையது. மங்கிய பச்சை, பார்க்க அழகில்லை. போனதும் அவர் வண்டியைக் காட்டவில்லை, குறைகளைத்தான் காட்டினார். இந்தக் கீறல் நான் கேட்டில் உரசினது, ஏசி மதியத்தில் திணறும், மூன்றாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அப்பாவைப் பார்த்து இல்லை. சாவியைத் திருப்பினேன். ஏர்பேக் விளக்கு எரிந்து, தானாக, தனியாக அணைந்தது. இருந்தாலும் மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்துவிட்டுத்தான் முடித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோக்கியமானவனுக்குச் சோதித்துப் பார்த்தால் கோபம் வராது. வண்டி பார்க்கிற வித்தையில் இதுதான் எனக்குத் தெரிந்த பெரிய பாடம்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரட்டையரில் மூத்தவளுக்கு அல்போன்ஸ்தான் ஞானத்தகப்பன் என்று நீ சொல்லிவிட்டாய், இனி மாற்ற முடியாது, நான் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறாய். கேட்க மாட்டேன். சாத்தானையும் அவன் செய்கைகளையும் விட்டுவிடுகிறாயா என்று ஞானஸ்நானத்தில் சாமியார் ஞானத்தகப்பனைக் கேட்பார். நம் பங்குக் கோயிலிலேயே நல்ல குரல் அல்போன்சுக்குத்தான், விட்டுவிடுகிறேன் என்று கோயில் அதிரச் சொல்வார். என் பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க எனக்கு வயிறு இடம் கொடுக்கவில்லை.

இதுவரை எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எதையாவது வெட்டச் சொல்வார், சிநேகிதனுக்காக ஒரு வரி சேர்க்கச் சொல்வார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வைத்தார். பிறகு சொன்னார்: "அருள முடிவு பண்ணச் சொல்லாத. இத நிர்மலாகிட்ட குடுக்கச் சொல்லு. அந்த சீட்டுல உக்காந்திருக்க வேண்டியவ அவ. பரேன் யாருன்னு அவ சொல்லட்டும்."

கொடுத்துவிடு.

அம்மா